ஒப்பாரி கேட்ட வாழைத்தார்

பழத்துக்குக் காது உண்டு என்று முதன்முதலில் கண்டுபிடித்தவன் பொன்னுரங்கம். மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டில் வாழைப்பழக் கடை வைத்திருந்தவன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். அது பொய். ஒரு தடவை ஒதுங்கியிருக்கிறான். வாத்தியார் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டதும் கொட்டுகிற மழையிலேயே ஓடிவிட்டான்.

கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. கொத்தவால் சாவடியிலிருந்து வண்டியில் வரும் பச்சைத் தார்களை அதற்குள் அடுக்கி, சட்டியில் வைக்கோலும் உமியும் போட்டுப் புகையவிட்டு, கதவிடுக்கைச் சேற்றால் பூசி மூடிவிடுவான். மூட்டம் போடுவது என்று அதற்குப் பெயர். எல்லாப் பழக்காரனும் செய்கிற வேலைதான். கதவைப் பூசுவதற்கு முன்னால் பொன்னுரங்கம் செய்கிற காரியம் மட்டும் ஈரேழு உலகத்திலும் எவனும் செய்யாதது. உள்ளே தலையை நீட்டி, தார்களிடம் சாவகாசமாக ஒரு பொய் சொல்வான்.

“ஒண்ணும் அவசரமில்ல கண்ணுங்களா. தை மாசம் பழுத்தா போதும். கம்முனு தூங்குங்க.”

பழமும் மாப்பிள்ளையும் ஒரே ராசி என்பது அவன் கட்சி. வா வா என்று கூப்பிட்டால் முறுக்கிக்கொள்ளும். கண்டுகொள்ளாமல் விட்டால் தானே வந்து இலையில் உட்காரும். நாளைக்குக் கல்யாணம் என்று பழத்தின் காதில் விழுந்ததோ போச்சு, பந்தி முடிந்து பந்தலைப் பிரிக்கிறவரைக்கும் பச்சையாகவே நிற்கும். தாரில் மேல் சீப்பு முதலில் பழுப்பதற்குக் காரணம் அதற்குக் காது கூர்மை. அடிச்சீப்புக்கு டமாரச் செவிடு. மாம்பழம் மூக்கால் கேட்கும். பலாப்பழம் எதையும் கேட்காது, அது குறட்டை விட்டுத் தூங்குகிற ஜாதி, வாசனை வருவதெல்லாம் அதன் குறட்டைதான். சப்போட்டாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் கையை விரித்துவிடுவான். அது ஊமை, அதன் மனசில் இருப்பது அதைப் படைத்தவனுக்கே தெரியாது என்பான்.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் அப்படியே செய்வார்கள். கச்சேரி ரோட்டில் குடியிருந்த நீரஜா மாமி, மகளின் சீமந்தத்துக்கு வாங்கிய பூவன் தாரைக் காமிரா உள் என்கிற இருட்டறையில் தொங்கவிட்டு, அதன் காதில் விழும்படி ஒரு வாரம் தள்ளிப் பொய்த் தேதியை உரக்கச் சொன்னாள். தினமும் சொன்னாள். தார் நம்பிற்றோ இல்லையோ, அந்தச் சமயம் பார்த்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியின் மைத்துனர் நம்பிவிட்டார். செங்கல்பட்டுக்குத் திரும்பிப்போய், ஒரு வாரம் கழித்து வெள்ளிக் கிண்ணத்தோடு வந்து இறங்கி, வெறும் வாசலைப் பார்த்து முழித்தார். ஆனால் பழம் சீமந்தத்தன்று பொன்னாகப் பழுத்திருந்தது. மைத்துனர் ஏமாந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பழம் பழுத்ததை மாட வீதி நாலிலும் பேசினார்கள். மறு தடவை மாமி கடைக்கு வந்தபோது குரலைத் தணித்துக்கொண்டு, “இந்தச் சீப்பு எதுக்குன்னு ஆத்துல நான் மூச்சு விடலப்பா. நீயும் விட்டுடாதே” என்றாள்.

பழுத்தால் பொன்னுரங்கத்தின் கெட்டிக்காரத்தனம். பழுக்காவிட்டால் யாரோ வாயை விட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு சாஸ்திரம் கையில் இருந்தால் ராஜாங்கமே நடத்தலாம், பழக்கடை என்ன பிரமாதம்.

அந்தச் சாஸ்திரத்தில் அடிபட்டவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் அம்மாசி.

அம்மாசி வண்டிக்காரன். அடையாற்றங்கரையில் பொன்னுரங்கத்துக்குப் பக்கத்துக் குடிசையில் பிறந்து, அவனோடு ஒன்றாக வளர்ந்து, ஒரே கோவணத்தை மாற்றி மாற்றிக் கட்டியவன். சாவடியிலிருந்து தார்களை ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூருக்கு வருவான். வழியெல்லாம் பாடிக்கொண்டு வருவான். அவனுடைய தாய் சாவு வீடுகளில் ஒப்பாரி வைப்பதில் பேர்போனவள். வைத்தாளென்றால் செத்தவனே எழுந்து கண்ணைத் துடைத்துக்கொள்வான். அந்தத் தொண்டை மகனுக்கு வந்திருந்தது. ஆனால் ராகமும் சேர்ந்தே வந்துவிட்டது. தெம்மாங்கு பாடினாலும் ஒப்பாரி, தாலாட்டு பாடினாலும் ஒப்பாரி. மாடு பழகிவிட்டது. மனுஷர்களும் பழகியிருந்தார்கள்.

ஒரு சித்திரை மாதம் பொன்னுரங்கத்தின் மூட்டம் பொய்த்தது. பாதித் தார் கறுத்தது, பாதித் தார் கல்லாக நின்றது. புகைச்சட்டியைச் சரியாக மூடாமல் தூங்கிவிட்டான், அவ்வளவுதான் விஷயம். விடிந்ததும் பழத்துக்கு வந்தவர்கள் கடையைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள். பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தான். அந்நேரம் அம்மாசி பாடிக்கொண்டே வந்து, வாசலில் வண்டியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, கடை முன்னால் நின்றான். பொன்னுரங்கத்தின் வாயிலிருந்து அது தானாக வந்து விழுந்தது.

“இன்னா பண்ண சொல்ற. வழியெல்லாம் இவன் ஒப்பாரி வெச்சுக்கினு ஓட்டியாரான். சாவு ஊட்ல எந்தப் பழம் சிரிச்சுக்கினு பழுக்கும்?”

மார்க்கெட் முழுக்கச் சிரித்தது. அம்மாசியும் சிரித்தான். சத்தம் போட்டவர்கள் கோபத்தை மறந்து வீட்டுக்குப் போனார்கள். எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றுதான் பொன்னுரங்கம் நினைத்தான்.

யாரும் மறக்கவில்லை. அடுத்த வாரம் வெற்றிலைக் கடைக்காரன் தன் சரக்கை வேறு வண்டியில் ஏற்றினான். வெற்றிலைக்கும் காது இருக்கலாம் அல்லவா. பிறகு தேங்காய்க்காரன். பிறகு பூக்காரர்கள். கடைசியில் செங்கல் சூளைக்காரன்கூட வேண்டாம் என்றபோது, செங்கல்லுக்கும் காது முளைத்துவிட்டது தெரிந்தது. அம்மாசியைக் கூப்பிட்டது ஒரே ஓர் இடம்தான். கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்கு விறகு ஏற்றிப்போக வேண்டும். அங்கே அவன் பாட்டு யாருக்கும் உறுத்தவில்லை.

விறகு ஏற்றப் போன முதல் நாள் அம்மாசி கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். திட்டவில்லை. சின்ன வயசில் கோலி விளையாட்டில் சண்டை வந்தால் எப்படிச் செய்வார்களோ, அப்படியே சுண்டு விரலை நீட்டிக் காட்டினான். காய். இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிப் பழம் விடுகிறவரை பேச்சு கிடையாது. நரைத்த மீசையோடு ஒருவன் சுண்டு விரலை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். பொன்னுரங்கத்துக்கு வரவில்லை. அதன்பிறகு வருஷக்கணக்கில் இருவரும் பேசவில்லை.

இதற்கிடையில் யுத்தம் வந்தது. அரிசிக்கு ரேஷன் வந்தது. பொன்னுரங்கத்தின் மகள் ஜானு, பட்டாளத்துக்காரர்களின் சட்டைக்குக் காஜா எடுக்கும் வேலைக்காகத் தினமும் டிராமில் போய்வந்தாள். அந்த டிராமில் டிக்கெட் கிழித்தவன் அம்மாசியின் மகன் கன்னியப்பன். எல்லாருக்கும் கிழித்துக் கொடுத்தவன் ஜானுவுக்கு மட்டும் டிக்கெட்டைக் கிழிக்க மனசில்லாமல் முழுசாகக் கொடுத்தானாம். அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது. அப்பன்மார் காய் விட்டிருந்தாலும், ஆத்தாமார் ரேஷன் கியூவில் முன்னும் பின்னும் நின்றே பேசி முடித்துவிட்டார்கள். பொன்னுரங்கத்தின் பெண்சாதி பாஞ்சாலி கியூவுக்குப் போனால் அரிசியோடு ஏதாவது ஒரு சேதியும் கொண்டுவராமல் இருக்கமாட்டாள். இந்தத் தடவை அவள் கொண்டுவந்த சேதி கனமாக இருந்தது.

அம்மாசி சம்மதித்துவிட்டான். ஆனால் ஒரு கண்டிப்பு வைத்தான். பரிசம் போடுகிற நாளில் தட்டில் வைக்கும் வாழைப்பழம் அவன் வண்டியில், அவன் பாட்டைக் கேட்டுக்கொண்டு வந்த தாரிலிருந்து வரவேண்டும். அதைப் பொன்னுரங்கம் தன் அறையில் மூட்டம் போட்டு, தன் கையாலேயே தட்டில் வைக்கவேண்டும். அம்மாசி சொன்னதைப் பாஞ்சாலி அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

“பழுத்துச்சுன்னா பழம். பழுக்கலன்னா காய். அவன் சொன்ன ஞாயம்தானே.”

ஐப்பசி பிறந்ததும் அந்தத் தார் வந்தது. கூடவே மழையும் வந்தது. அந்த வருஷத்து மழையை மழை என்று சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும். அடையாறு கரை தாண்டி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிடுகிற நாகரிகம்கூட இல்லாமல் வீடுகளுக்குள் நுழைந்தது. அந்த மழையில் தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து பாடிக்கொண்டு அம்மாசி வண்டியை ஓட்டி வந்தான். மார்க்கெட் வாசலில் பாட்டை நிறுத்தினான். தாரை இறக்கி, யாரும் மாற்றிவிடாதபடி அரிவாளால் அதன் தண்டில் ஓர் அடையாளம் வெட்டினான். பொன்னுரங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனான்.

பொன்னுரங்கம் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினான். உமி நனைந்திருந்தது, புகையவில்லை. வைக்கோலை அடுப்பங்கரையில் காயவைத்துக் கொண்டுவந்தான். இருமல் வந்தது, புகை வரவில்லை. கோணியால் தாரைப் போர்த்தினான். தை மாசம் போதும் என்று பொய் சொன்னான். அடுத்த ஐப்பசி போதும் என்று பெரிய பொய்யாகச் சொன்னான். பார்த்தால் பழம் கூச்சப்படும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், கதவுப் பூச்சைப் பெயர்த்துப் பெயர்த்து எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் தார் கிளிப்பச்சையாக நின்றது.

பரிசத்துக்கு முந்தின நாள் காலையில் அவனுக்கு வேறு பொய் எதுவும் மிச்சமில்லை. தாரின் பக்கத்தில் உட்கார்ந்து நிஜத்தையே சொன்னான். நாளைக்கு வேண்டும், எம் பொண்ணுக்கு வேண்டும் என்றான். தார் அதையும் கேட்டதாகத் தெரியவில்லை. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் அதன் மேல் விழுந்து வழிந்தது. இத்தனை வருஷமாக ஒரு வாழைக்காயோடு பேசிக்கொண்டிருந்தோமே என்று அன்றைக்குத்தான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பாஞ்சாலி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சத்தம் போட வராது. சத்தம் போட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“பழத்துக்குக் காது கீதுன்னு சொல்லிக்கினு திரிஞ்ச. அதுக்கு ஏதுய்யா காது. ஊருக்குத்தான் கீது” என்றாள். பிறகு, “அவன் வண்டில ஒரு கல்யாணத்து தேங்கா ஏறி எத்தினி வருசம் ஆவுது, தெரியுமா உனக்கு?” என்றாள்.

அவனுக்குத் தெரியும். விறகு வண்டி கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பழத்தைத் துடைக்கிற சாக்கில் அவன் தலையைக் குனிந்துகொள்வான். அப்படித் துடைத்துத் துடைத்தே, அவன் கடைப் பழம்போல் பளபளக்கிற பழம் மெட்ராஸில் எங்கேயும் கிடையாது.

பரிசத்தன்று மழை விட்டிருந்தது. வானம் மட்டும் உப்பிக்கொண்டு நின்றது. மார்க்கெட்டின் பின்சந்தில் பொன்னுரங்கத்தின் வீட்டு முன்னால் பாய் விரித்தார்கள். அம்மாசி, துவைத்த வேட்டியோடு, சுற்றத்தோடு வந்து உட்கார்ந்தான். வெற்றிலைக்காரன், தேங்காய்க்காரன், பூக்காரப் பெண்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். பரிசம் பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் பேர். பழம் பார்க்க வந்தவர்கள்தான் மீதி.

பொன்னுரங்கம் தாரைத் தோளில் சுமந்து வந்து பாயில் வைத்தான். பச்சை. மேல் சீப்பிலிருந்து அடிச்சீப்பு வரைக்கும் அசல் பச்சை. ஜானு உள்ளேயிருந்து பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். கூட்டத்தில் வெற்றிலைக்காரன் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, அன்னிக்கே பொன்னுரங்கம் சொன்னாரே என்றான். நாலைந்து தலைகள் ஆடின. மடியில் கிடந்த அம்மாசியின் கையில் சுண்டு விரல் மட்டும் மெல்ல நிமிர்ந்தது.

பழுக்காதது பொன்னுரங்கத்துக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தத் தார் பச்சையாக நிற்கிறவரை அம்மாசி செத்தவர்களின் வண்டிக்காரனாகவேதான் இருப்பான், ஜானு டிராம் டிக்கெட்டுகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு கிடப்பாள். அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அவன் எழுந்து நின்று நிஜத்தைச் சொன்னான்.

“அய்யா, அல்லாரும் கேட்டுக்கோங்க. பழுக்காதது மழையால. அம்மாசி பாட்டால இல்ல. அன்னிக்கி நான் புகைச்சட்டிய மூடாம தூங்கிட்டேன். பழத்துக்குக் காதும் கெடையாது, மூக்கும் கெடையாது. நான் சொன்னதெல்லாம் புருடா.”

சந்தே அதிரும்படி சிரித்தார்கள். வெற்றிலைக்காரன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். காது கிடையாதாம் என்று ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் அடித்தாள். சம்பந்தியைக் காப்பாற்ற மனுஷன் எப்படிக் கதை கட்டுகிறார் பார் என்றார்கள். வாழ்நாளில் அவன் கூட்டத்தில் சொன்ன முதல் நிஜம் அதுதான். அதைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை.

பொன்னுரங்கம் அந்தச் சிரிப்புக்கு நடுவில் தாரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாசி வெட்டிய அடையாளத்தைப் பார்த்தான். அவனுக்கு அம்மாசியின் பாட்டு ஞாபகம் வந்தது. வருஷக்கணக்காகக் கேட்ட பாட்டு. மார்க்கெட் வாசலில் வண்டி நிற்கும், பாட்டும் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். அதன் கடைசியை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

“செரி, இருங்க” என்று அவன் பாயில் குந்தினான். குரல் தணிந்துவிட்டது. “காது கீது. ஒத்துக்கிறேன். ஆனா நான் ஒண்ணுல தப்பு பண்ணிட்டேன். குலை வெட்டினதும் வாழ மரத்த இன்னா பண்றாங்க? வெட்டிச் சாச்சுடறாங்க. அப்போ தாரு தாயில்லாப் புள்ள. அது அழத்தான் அழும். அம்மாசி பாட்டுல அது அழ ஆரம்பிக்குது. மார்க்கெட்டு வந்ததும் இவன் பாட்ட நிறுத்திடறான். அழுவுற கொழந்த வாயைப் பாதில பொத்தினா இன்னா ஆவும்? உள்ளயே விம்மிக்கினு கெடக்கும். முழுசா அழுது தீத்தாத்தான் மூஞ்சி தெளியும். மனுசனுக்கே அப்பிடித்தானே.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பூக்காரப் பெண் ஒருத்தி முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். அவளுடைய அம்மா செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அம்மாசி பக்கத்தில் சாய்ந்து, பொன்னுரங்கத்துக்கு மட்டும் கேட்கும்படி பேசினான். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு.

“மறுபடியும் புருடாவாடா?”

“இன்னா பண்றது அம்மாசி. நெசத்த சொன்னேன், சிரிக்கிறானுங்க.”

அம்மாசி தாரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தான். மார்க்கெட் வாசலில் வழக்கமாகப் பாட்டை நிறுத்துகிற அடி வந்ததும் தொண்டை தானாகத் தயங்கியது. தாண்டிப் பாடினான். அதற்குப் பிறகு இருந்த வரிகள் அவன் தாய் வைத்தவையா, அந்த நிமிஷம் அவனே கட்டியவையா, யாருக்கும் தெரியாது. மரம் சாய்ந்த இடத்தில் கன்று நிற்கிறது, கன்று போய் வேறு கொல்லையில் வேர் விடும் என்று போயிற்று பாட்டு. உள்ளே ஜானு விசும்புவது வெளியில் கேட்டது. தேங்காய்க்காரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். முடிந்தபோது, ஒரு பெரிய காரியத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள்போல் எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள்.

தார் மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் பச்சையாக நின்றது. அம்மாசி அதை விரலால் அழுத்திப் பார்த்தான்.

“இன்னும் காய்தான்” என்றான்.

“துக்கம் ஆற நேரம் ஆவும் இல்ல” என்றான் பொன்னுரங்கம்.

அம்மாசி தட்டை மாற்றச் சொன்னான். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ எல்லாம் வைத்தார்கள். பழம் வைக்கிற இடத்தைக் காலியாக விட்டார்கள். எழுந்து போகும்போது அம்மாசி தாரைத் தூக்கித் தன் வண்டியில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு மார்க்கெட்டில் நடந்ததை அதிசயம் என்றும் சொல்லலாம், பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்லலாம். நீரஜா மாமி அம்மாசி வண்டியில் வந்த பழம்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள், பாட்டை முழுக்கப் பாடி முடித்திருக்கவேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னாள். வெற்றிலைக்காரன் வந்தான். தேங்காய்க்காரன் வந்தான். வண்டி மார்க்கெட்டை நெருங்கியும் பாட்டு முடியாவிட்டால், அம்மாசி கோயில் குளத்தை இன்னொரு சுற்றுச் சுற்றி வருவான். சரக்கு தாமதமாக வந்ததே என்று ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. செங்கல் சூளைக்காரன்கூட வந்து கேட்டான் என்கிறார்கள்.

மூட்ட அறைக் கதவைப் பூசும்போது பொன்னுரங்கம் இப்போதெல்லாம் உள்ளே எதுவும் சொல்வதில்லை. யாராவது காரணம் கேட்டால், தொண்டை சரியில்லை என்பான்.

மழை ஓய்ந்து வெயில் வந்த ஒரு காலை, அம்மாசியின் வண்டி கடை முன்னால் நின்றது. வண்டியில் தேங்காய் இருந்தது, மேலே அடையாளம் வெட்டிய அந்தத் தாரும் இருந்தது. மேல் சீப்பு மஞ்சள், நடுச்சீப்பு பச்சை, அடிச்சீப்பில் ஒரே ஒரு பழம் மட்டும் கனிந்து வெடித்திருந்தது. எந்தச் சாஸ்திரத்துக்கும் அடங்காத தார். பொன்னுரங்கம் அதைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அடிச்சீப்பின் செவிட்டைப் பற்றித்தான் இருக்கும்.

அம்மாசி அந்த ஒற்றைப் பழத்தைப் பிய்த்து உரித்தான். ஒரு கையில் பழத்தையும், மறு கையில் சேர்த்து வைத்த ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டினான்.

“தின்னுடா” என்றான். “தின்னுக்கினு இருக்கற வரைக்குமாவது வாய மூடுவ.”